மாமாவுக்குத் துணையாகப் போன கதை

வீட்டுக்குள் என் வாயை அடக்க ஆள் கிடையாது. வாசற்படி தாண்டினால் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒன்றாம் வகுப்பில் டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன்’ என்பதைக்கூடப் பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள். இப்படியே இருந்தால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டால் எனக்கு யார் ‘உள்ளேன்’ சொல்வார்கள் என்பதே என் கவலை.

என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அக்கா படப்பையில் இருந்தார். முதல் முறை ஷேர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தேன். அடுத்த முறை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். அப்பா அதட்டினார். அம்மா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். தின்றுவிட்டு மறுபடியும் கட்டிலுக்கடியில் போனேன்.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடு தங்கி ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் தரையில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார்.

“பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத. எங்க சூப்பர்வைசர் என்னியும் அந்தக்காகிட்ட போவச் சொல்லிட்டாரு. இன்னா கேட்டாலும் திருதிருன்னு முழிக்கிறனாம்.”

“ஊசி போடுவாங்களா மாமா?”

“தெர்லியே. அதான் பயமா கீது. தொணைக்கு வர்றியா? நீ ஒண்ணும் பேச வாணாம். சும்மா குந்திக்கினு இரு.”

அவ்வளவு பெரிய மாமா பயப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. போனேன்.

வாரம் ஒரு நாள், காலையில். மாமா கம்பெனிச் சட்டையோடே வருவார். அந்த வகுப்புக்கு அதுதான் யூனிஃபார்ம் என்று நினைத்துக்கொண்டேன். படிப்பில் அவர் படு மக்கு. படத்தில் பசுவைக் காட்டச் சொன்னால் ஆட்டைக் காட்டுவார். பொறுக்க முடியாமல் அவர் விரலைப் பிடித்துப் பசுவின்மேல் வைப்பேன். போகப்போக அவர் காதிலேயே விடையைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே மாட்டார். அது பெரிய நிம்மதி.

நான்காம் வாரம் மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறார், பாவம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். “உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?” என்று அக்கா அவரைக் கேட்டார். மாமாவின் தலை தொங்கியிருந்தது. மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்ததுதான். டீச்சர் கேட்கும்போதெல்லாம் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்வது அதேதான். எழுந்து மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“அவர கேக்காதீங்க. அவருக்குப் பயமா கீது. நான் சொல்றேன்.”

சொன்னேன். அப்பா, அம்மா, மாமா, நான், இரண்டு கோழி. அக்கா பென்சிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். “இன்னா, முடிஞ்சிச்சா?”

திரும்பும்போது ஆட்டோவில் அவருக்குத் தைரியம் சொன்னேன்: “அடுத்த வாரமும் நான் வர்றேன். பயப்படாத.”

பள்ளிக்கூடத்தில் நானே ‘உள்ளேன்’ சொல்ல இன்னும் சில மாதங்கள் ஆயின. சொன்னேன். இரண்டாம் வகுப்புக்கும் போனேன்.

இப்போது நானும் ஒரகடத்தில்தான் வேலை செய்கிறேன். முதல் நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில், பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். அன்று மாமாவுக்குச் சிவந்திருந்த மாதிரியே என் கண்களும் சிவந்திருந்தன.

நான் அழுதிருக்கவில்லை.