என் கணவரைக் கர்ப்பிணி ஆக்கிய கம்ப்யூட்டர்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து திரும்பும்போது, என் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். டாக்டர் உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறை வாசலில் தாதி தயங்கினாள். "ஆண்ட்டி, கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது. அங்கிள் கர்ப்பமா இருக்கார்னு காட்டுதுலா."

முன்பு வயிற்றுவலிக்கு வந்தபோது, நோய்க்குப் போடும் குறியீட்டை யாரோ மாற்றிப் பதிந்துவிட்டார்கள். மீசை நரைத்த மனிதர்! காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எத்தனை மாசம்னு கேளு," என்று அவரே கேலி செய்தார். கர்ப்பிணி என்றால் அந்த ஸ்கேனுக்குத் தனி அனுமதி வேண்டுமாம். தாதி போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அவர் பேச்சு குழறியது. வாந்தி எடுத்தார். கண் சொருகியது. டாக்டர் ஓடிவந்து, "கம்ப்யூட்டரை விடுங்க, உள்ளே தள்ளுங்க!" என்று கத்தினார். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை இன்னும் சரியாக வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், என்ன நோய் என்று கம்ப்யூட்டரில் பதிந்தார்கள் என்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் நான் கிளம்புவதில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். போன வாரம் செங் என்ற ஊர்க் கிளினிக்கில், கவுண்டரில் இருந்த பெண், "வெறும் சளிதான் ஆண்ட்டி," என்றாள்.

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லும்மா," என்றேன்.