ஐந்தாம் படுக்கைக்குப் பக்கத்து வாஷ்பேசின்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரத்தம் டெஸ்ட் பண்றது" என்று சொல்லிவிடுவாள் சுக்ரா. உண்மையைச் சொன்னால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்துபோய்விடுவார். ஓசூர் நெடுஞ்சாலையோரம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் பன்னிரண்டு படுக்கைகள். திங்கள்தோறும் ஒவ்வொரு நோயாளியின் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியை மெல்லச் சுழற்றி எடுத்து, கிருமி வளர்க்கும் ஜெல்லியில் மருந்து கலந்து ஊற்றிய சிறு தட்டில் தேய்த்து வைப்பாள். மருந்துக்கு அடங்காத கிருமி குடலில் இருந்தால் மறுநாள் காலை தட்டில் நீலப் புள்ளிகள் முளைத்திருக்கும். நல்ல உடம்பில் அது சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும். உடம்பு சாய்ந்தால் ரத்தத்தில் ஏறிவிடும். ஏறினால் கேட்கிற மருந்து ஒன்றிரண்டுதான். அதனால்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு தட்டு நீலமானது. மார்ச்சில் நான்கு. இரண்டாம் படுக்கைக்காரர் இறந்துபோனார். அடுத்து நடந்த தொற்றுத் தடுப்புக் கூட்டத்தில் ஐசியு இன்சார்ஜ் சிஸ்டர் ஜெயப்ரியா நிதானமாகச் சொன்னாள்: இந்தப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போக ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம். கூட்டத்தை நடத்திய டாக்டர் விஜயகுமார் அங்கேயே ஒரு தட்டை வரவழைத்தார். எல்லார் முன்னாலும் சுக்ரா பத்து விரலையும் அதில் பதித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் ரேகை எடுப்பது போலிருந்தது. மறுநாள் பார்த்தபோது தட்டில் அந்தக் கிருமி வளரவில்லை. யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஜெயப்ரியா மட்டும் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நல்லா கழுவிட்டு வந்திருப்பா."

அன்றிரவு சுக்ரா அதை வீட்டில் சொன்னாள். ஜூஜுவாடியில் லாரித் தார்ப்பாய் விற்கும் அத்தா பஷீர் அஹமது, விட்டுத்தள்ளும்மா என்றார். அவள் விடவில்லை. வேலை முடிந்த பிறகும் ஐசியுவின் மூலையில் நின்று, யார் கை எதைத் தொடுகிறது என்று பார்த்தாள். வென்டிலேட்டர் பொத்தான், டாக்டர்களின் செல்போன், திரைச்சீலை என்று எல்லாவற்றிலும் குச்சியை வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை.

ஏப்ரல் கடைசித் திங்களன்று அது கண்ணில் பட்டது. எல்லாரும் தினமும் பார்த்ததுதான். மூக்கில் குழாய் போட்ட நோயாளிகளுக்கு வீட்டிலிருந்து ராகிக் கஞ்சி வடிகட்டி வரும். டப்பா மாவில் தெம்பு வரும் என்று இந்தப் பக்கம் யாரும் நம்புவதில்லை, ஆஸ்பத்திரியும் இறங்கிவந்துவிட்டது. மீந்த கஞ்சியைக் கழிவு கொட்டும் தனி அறையில் கொட்ட வேண்டும். அங்கே மாதக்கணக்காகக் குளுக்கோஸ் பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. அதனால் ஐந்தாம் படுக்கைக்குப் பக்கத்து வாஷ்பேசினில் கொட்டினாள் ஜெயப்ரியா. தனக்குக் கீழுள்ள நர்சுகளையும் அங்கேயே கொட்டச் சொன்னாள். அதில்தான் எல்லாரும் கை கழுவினார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் துளைக்குள் விழுந்து படுக்கை விளிம்புவரை தெறித்தது.

சுக்ரா குச்சியைத் துளைக்குள் ஆழமாக விட்டு எடுத்தாள். செவ்வாய் காலை தட்டு முழுக்க நீலம். அது கிருமிக்குத் தினம் மூன்று வேளை கஞ்சி ஊற்றி வளர்த்த இடம்.

அந்த நிமிடமே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தும்விட்டாள். சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் பிளம்பர் வந்து குழாயை மாற்றுவான், ஜெயப்ரியா "சரிங்க சார்" என்பாள், அவ்வளவுதான். சனிக்கிழமை கூட்டம் இருக்கிறது. அதே அறை, அதே நாற்காலிகள், அதே முகங்கள். போனை வைத்துவிட்டு, தட்டைச் சுற்றி டேப் ஒட்டி, தேதி எழுதி, ஃபிரிட்ஜின் பின்வரிசையில் ஒளித்து வைத்தாள்.

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் எல்லப்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி, டிராக்டர் கவிழ்ந்து நெஞ்சு நசுங்கியவர். திங்கள் தட்டில் அவருக்கு நீலம் இல்லை. வியாழனன்று அவர் மனைவி சென்னம்மாள் வாசலில் சுக்ராவை நிறுத்தினாள்.

"ஏம்மா, எங்க ஊட்டுக்காரருக்கு அந்தப் பூச்சி இல்லைன்னாங்க. நெசந்தானே?"

"திங்கக்கெழம பாத்ததுல இல்லம்மா."

பொய் இல்லை. வெள்ளிக்கிழமை, ஜெயப்ரியா மீந்த கஞ்சியை வாஷ்பேசினில் சாய்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தாள். ஊற்று, இன்னும் ஒரே நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம், யாரும் கேட்காமலே, எல்லப்பனிடம் மறுபடி ஒரு குச்சி எடுத்தாள். சனி காலை அந்தத் தட்டும் நீலம்.

கூட்டத்துக்கு இரண்டு தட்டுகளையும் கொண்டுபோனாள். முதல் தட்டை மேஜையில் வைத்து, எங்கே எடுத்தது, அங்கே கொட்டியது என்ன, யார் கொட்டச் சொன்னது என்று சொல்லி முடித்தாள். ஜெயப்ரியாவின் முகம் வெளுத்தது. அதைக் கண்குளிரப் பார்த்தாள் சுக்ரா.

"நல்லா கழுவிட்டு வந்திருப்பான்னு சொன்னீங்களே சிஸ்டர். இதுலதான் கழுவினேன்."

யாரோ சிரித்தார்கள். ஜெயப்ரியா தட்டை எடுத்துத் திருப்பினாள்.

"செவ்வாக்கெழம தேதி போட்டிருக்கு. நாலு நாளா வெச்சிருந்தியா?"

சிரிப்பு நின்றது. ஐந்தாம் படுக்கைக்கு வந்துவிட்டதா என்று டாக்டர் கேட்டார். இரண்டாவது தட்டு சுக்ராவின் மடியில், பேப்பருக்கடியில் இருந்தது. காட்டாமல் விட்டால், திங்களன்று எடுக்கும் வழக்கமான தட்டில் தெரியவரும். என்றைக்குத் தொற்றியது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவள் அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

மதியத்துக்குள் பேசினைப் பெயர்த்தெடுத்தார்கள். ஜெயப்ரியாவைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். இருவருக்கும் மெமோ வந்தது. ஜெயப்ரியா படியிறங்கிப் போனபோது சுக்ராவுக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் படட்டும் என்றுதான் தோன்றியது.

சென்னம்மாளிடம் யார் சொல்வது என்று நர்சுகள் தயங்கினார்கள். நானே சொல்கிறேன் என்று சுக்ரா வாசலுக்குப் போனாள். குடலில் வந்திருக்கிறது, ரத்தத்தில் இன்னும் ஏறவில்லை என்று சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாஷ்பேசினில் அது இருந்தது செவ்வாயன்றே எனக்குத் தெரியும், வேறொருத்தியை மாட்டிவைப்பதற்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றும் சொன்னாள்.

சென்னம்மாள் அழவில்லை. முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"உம் பேரென்ன?"

"சுக்ரா."

அவள் மஞ்சப்பையைத் துழாவி, மருந்துக்கடைச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இப்ப சொன்னியே, அத அப்படியே எழுதிக் குடு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் மவன் பொள்ளாச்சிலருந்து வர்றான், அவன் படிப்பான். பேரயும் போடு."

சுக்ரா சுவரில் சீட்டை வைத்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்து எழுதினாள்.