சொட்டு எண்ணும் உதடு

"வேலை நேரத்துல எந்தச் சாமியக் கும்பிடுவீங்க சிஸ்டர்?" என்று ஆரம்பித்தாள், நர்ஸுகளின் ஆன்மிகத்தை அளக்க வந்த ஆய்வுக்காரம்மா.

"யாரையும் இல்லைங்க மேடம்."

"ஏழாம் பெட் பக்கத்துல நின்னு உதட்டை அசைச்சீங்களே? நான் பார்த்தேன்."

"டிரிப்ஸ் பாட்டில் சொட்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபது விழணும். கண் அசந்தா முப்பது விழும்."

'தன்னடக்கம்' என்று எழுதிக்கொண்டாள் ஆய்வுக்காரம்மா.

பக்கத்தில் மருந்து அலமாரியைத் துடைத்தபடி சிஸ்டரின் தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இருவருக்கும் ஒரே வார்டில் பதினேழு வருடம். சிஸ்டருக்குக் கடுகு என்று பட்டப்பெயர் வைத்தவளே அந்தத் தோழிதான்; ஆள் உருவம் அப்படி, வெடிப்பதும் அப்படி. கடுகுக்குப் பக்தி இல்லாமல் இல்லை. நனைந்த குடையை வாசலில் விடுவதுபோல அதை வார்டுக்கு வெளியே விட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

நம்பிக்கையும் அனுபவமும் கூடக்கூட ஆன்மிகமும் கூடும் என்று ஆய்வு சொன்னது. முடிவு முன்பே தயார், ஆள்தான் தேவைப்பட்டிருந்தது. நிர்வாகம் கடுகுக்குப் பதவி உயர்வு கொடுத்து, வார்டிலிருந்து பிடுங்கி, நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல நீலத் திரை போட்ட 'மனநிம்மதி அறை'யில் உட்காரவைத்தது. நிம்மதி தேடி ஒரு நோயாளியும் எட்டிப் பார்க்கவில்லை. பதவி உயர்வு தேடி நர்ஸுகள் வந்தார்கள். ஒரே வாரத்தில் வார்டு முழுக்க உதடுகள் அசைந்தன. சொட்டுகள் தம் இஷ்டத்துக்கு விழுந்தன. வார்டுக்கே திரும்ப வேண்டும் என்று கடுகு இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். அதையும் தன்னடக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏழாம் படுக்கை இப்போது தோழியின் பொறுப்பு. அவள் வாய் திறக்காமல் ஒழுங்காகத்தான் எண்ணினாள். ஆனாலும் அந்தப் படுக்கையில் இருந்த அம்மாள் மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை. பாட்டிலையே வெறித்துக்கொண்டு கிடந்தார். ரத்த அழுத்தம் ஏறியது. கேட்டால், அந்தக் குள்ளப் பொண்ணு மந்திரம் சொல்லும், நீ சும்மா மரம் மாதிரி நிக்கிறே என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது தோழி இதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். கடுகு சிரிக்கவில்லை. டப்பாவை மூடி வைத்தாள். வெடிக்கப்போகிறாள் என்று தோழி நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.

"எனக்காக ஒண்ணு பண்ணுடி," என்றாள் கடுகு, குரலைத் தாழ்த்தி. "நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்தம்மா முன்னாடி மட்டும் வாயசைச்சு எண்ணு. ஆனா நிஜமா எண்ணு."