யாரும் பேசாத மாலை

மனைவி மறைந்தபின் பூட்டுக்காரருக்கு மாலைப்பொழுது மலையாய் நின்றது. அதைக் கடக்கவே நூலகத்து மாடியில் நடந்த எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்.

அங்கே சில விதிகள் உண்டு. எழுதியதை அருகிருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் குறை சொன்னால் வாதாடலாகாது. வீட்டிற்குச் சென்று, ஆற அமரத் திருத்த வேண்டும். இவற்றைப் பூட்டுக்காரர் நோன்பெனக் காத்தார்.

'நேற்று மாலை என் வீடு' என்பது அவ்வாரத் தலைப்பு. செருப்பைக் கழற்றியது, குழாய் சொட்டியது, தேநீர் ஆறியது என எழுதியதைப் பக்கத்து இருக்கைச் செவிலிக்குப் படித்தார்.

"அண்ணே, வீடு அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா ஒரு மனுஷக் குரல்கூட கேக்கலையே! வீட்ல எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டுட்டீங்களா?"

பின்வரிசை சிரித்தது.

"யாராவது ரெண்டு வார்த்தை பேசட்டும்ணே. அப்பதான் உயிர் வரும்."

"சரிம்மா" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் திருத்த அமர்ந்தவர், வெளியூர்த் தம்பியை எழுத்திலே வரவழைத்தார்.

"என்னண்ணே, துரும்பா இளைச்சுட்டே?"

"உன் தொந்தியப் பாத்த கண்ணுக்கு எல்லாரும் துரும்புதான்டா."

பேனா ஆற்றொழுக்காய் ஓடியது. இரு குரலிலும் உரக்கப் படித்தார். தம்பியின் குறும்புக்குத் தாமே சிரித்தார். அச்சிரிப்பு வெறுஞ்சுவரில் மோதித் திரும்பியது. மெய்யான தம்பி, அண்ணியின் சாவுக்கு வந்துவிட்டுப் பொழுது சாயுமுன் கிளம்பியவன். தொலைபேசியில் அழைத்தாலும், "அப்புறம் பேசறேண்ணே" என்பான்.

இதை வாசித்தால் வகுப்பு மெச்சும். ஆனால் தம் மாலை எத்தகையது என்பதை இவ்வுலகில் ஒருவரும் அறியமாட்டார்.

தம்பியின் வரிகளை அடித்தார். கீழே எழுதினார்: 'நேற்று மாலை என் வீட்டில் யாரும் பேசவில்லை. பகலெல்லாம் பிறர் வாசலில் மண்டியிட்டு வேலை செய்கிறேன். உள்ளே பிள்ளைகளின் சண்டையும் அடுக்களைச் சிரிப்பும் கேட்கும். பூட்டுச் சரியானதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.'

அடுத்த வகுப்பில் அதைப் படித்து முடித்தார். செவிலி அவர் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல வேற யாரும் இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

தன் முறைக்கென எடுத்த தாளை அவள் மெல்ல மடித்து வைத்தாள்.

"என்னோடது அப்புறம் ஆகட்டும். நீங்க இன்னொரு தடவை படிங்கண்ணே."

பூட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார்.