உறைமேல் மகளின் பெயர்

அப்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெண்களுக்குக் கடிதம் வந்தால், மேலே அப்பன் பெயரோ புருஷன் பெயரோதான் இருக்கும். பள்ளி இறுதி வகுப்பிலிருந்த என் மகளுக்கு அவள் பெயரிலேயே தடித்த உறை ஒன்று வந்தது.

தபால்காரர் சிரித்தார். "மூணாவது கவரு. ஒங்க வீட்டுல இனி ரெண்டு பெரிய மனுசங்க போல!"

முதல் இரண்டையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அனுப்பியவர் பெயர் இல்லை, ராஜபாளையத்து விலாசம் மட்டும் இருந்தது. அழுத்தமான எழுத்து. எவனோ ஒருவன் என்றே முடிவு கட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் உள்ளே இருப்பது தெரியவில்லை. அவள் படிப்பை நிறுத்திவிடுவதென்று தீர்மானித்து, உறையோடு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் எண்பது வயது அம்மாள். பின்னால் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கண்டதும் ஆள் யாரென்று புரிந்தது. இளவயதிலேயே பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தி, விதவைகள் படிக்க வேண்டுமென்று எழுதி ஏச்சு வாங்கியவர்.

என் கையிலிருந்த உறையைப் பார்த்ததுமே அவர் சொன்னார்: "ஒம்ம மக எழுதுறதத் திருத்தி அனுப்புதேன். அப்பன் பேருக்குப் போட்டா அடுப்புக்குல்லா போகுது! அதான் அந்தக் காலத்துல இருந்தே பிள்ளைக பேருக்குப் போடுதேன். பிரிச்சீரா?"

"இல்லம்மா."

"அப்பம் அவ கையில கொண்டுபோய்க் குடும்."

கொடுத்தேன். படிப்பை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை. மகள் உறையை உடனே பிரிக்கவில்லை. ஒட்டிய ஓரத்தை விரலால் தடவி, நான் பார்த்த மாதிரியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் பிரிக்கலம்மா" என்றேன். அவள் நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.