இரண்டாவது குழு

பாட்டுக் கேட்கவோ படம் எடுக்கவோ நான் ஸ்மார்ட் போன் வாங்கவில்லை. பருத்தித்துறையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் போகும் இடங்களுக்கு என்னையும் கூப்பிட வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

ஒருத்தியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடியதே எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. "எல்லாம் வைபர் குழுவிலைதானே கதைக்கிறம், அக்கா. உங்களிட்டை இருக்கிறது பழைய போன். எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் சுமதி. ஒன்பது வருடமாக என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். அவளே கடைக்குக் கூட்டிப்போய் ஒரு போனைத் தெரிந்தெடுத்துத் தந்தாள், ஆசிரியைகளின் குழுவிலும் சேர்த்துவிட்டாள். காலை வணக்கங்களும் சாமிப் படங்களும் வந்தன. ஒன்றுகூட விடாமல் பதில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலை, சுமதி தன் மகனின் படத்தைப் பார்க்கச் சொல்லி பஸ்ஸில் தன் போனைத் தந்தாள். அப்போது மேலே ஒரு செய்தி வந்தது. கை தவறித் தொட்டுவிட்டேன். அது வேறொரு குழு. எங்கள் ஆசிரியைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள், நான் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போக வாடகைக்கு வான் பிடித்திருந்தார்கள்.

"இதிலை ஏன் நான் இல்லை?"

சுமதி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இதிலை பள்ளிக்கூட அதிபரைப் பற்றியும் கதைக்கிறம், நீங்கள் அவரிட்டைச் சொல்லிப்போடுவியள் எண்டு எல்லாருக்கும் பயம், அக்கா."

"உமக்கும் பயமோ?"

அவள் என் கையிலிருந்த போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போனேன். அதிபரிடம் நான் யாரைப் பற்றியும் ஒரு சொல் சொன்னதில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு அதையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா என்பதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.