பதினேழாம் எண்ணின் ரத்தம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் என் லேப்பைக் குறை சொன்னால் மட்டும்தான் வரும்.

சுங்குவார்சத்திரத்தில் நாற்பது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி அது. பின்பக்கம் இரண்டு அறையில் லேப், நான்தான் பொறுப்பு. கம்பெனிகள் வரிசையாக வந்து, தெற்கத்திப் பெண்கள் ஹாஸ்டல் ஹாஸ்டலாக வந்து இறங்கிய வருஷங்கள். நிறையப் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நல்லதா என்று அவர்களிடம் ஆய்வு செய்ய, சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை எங்களிடம் விடலாமா என்று அவருக்குத் தயக்கம்.

"ஊர் லேப்தானே, முடியுமாம்மா?" என்றார்.

"ஊர் லேப்னா இன்னா சார், ரத்தம் வேற கலர்லயா வரும்?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் நிர்வாகி என்னை முறைத்தார். டாக்டர் சிரித்துவிட்டு, மூன்று மாதம் செய்யுங்கள், பார்க்கலாம் என்றார்.

அந்த மூன்று மாதத்துக்காக நான் போடாத சண்டையில்லை. மின்வெட்டு காலம் அது. ஃபிரிட்ஜுக்குத் தனி இன்வெர்ட்டர் வாங்கும் வரை நிர்வாகியை நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை. ஃபிரிட்ஜின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். அளவு முன்பே தெரிந்த ரத்தம் ஒரு சின்ன பாட்டிலில் வரும். தினமும் முதலில் அதை மெஷினில் ஓட்டி, சரியாகக் காட்டினால்தான் பெண்களின் ரத்தத்தைத் தொடுவேன். ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் நிற்கும். அதற்குள் என் ஊரான மண்ணூரிலிருந்து வந்து கதவைத் திறந்துவிடுவேன். பெயர் எங்கும் வராது, எல்லோருக்கும் எண்தான்.

இரண்டாம் மாதம் சென்னையிலிருந்து போன் வந்தது. பதினேழாம் எண்ணுக்கு முதல் மாதம் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு. இந்த மாதம் பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

"ஒரே மாசத்துல இவ்ளோ ஏறாதும்மா. உங்க மெஷின்ல ஏதோ தப்பு. லேப் பிழைன்னு எழுதிட்டேன். அந்தப் பொண்ணை ஆய்வுலருந்து எடுத்துடறேன். அடுத்த மாசத்துலருந்து எல்லாத்தையும் சென்னைக்கே அனுப்பிடுங்க" என்றார் டாக்டர்.

எனக்குக் காது சுட்டது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். லேப் போய்விடும் என்பது ஒரு பக்கம். ஏழு புள்ளி எட்டில் நிற்கிற ஒரு பெண்ணை ஆய்விலிருந்து எடுத்துவிட்டால், அவளுக்கு மாத்திரை கொடுத்து மாதாமாதம் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

மிச்சமிருந்த ரத்தத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மறுபடி ஓட்டினேன். அதே பன்னிரண்டு புள்ளி ஒன்பது. மெஷின் சரிதான். ஆனால் மெஷின் சரி என்று வாயால் சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும். அத்தாட்சி வேண்டும்.

அப்போதுதான் எங்கள் பதிவேடு ஞாபகம் வந்தது. கம்பெனி அடையாள அட்டையில் ரத்த வகைக்கு ஒரு கட்டம் உண்டு. எப்படியும் ரத்தம் எடுக்கிறோமே என்று, முதல் நாளே கேட்ட பெண்களுக்கெல்லாம் வகையும் பார்த்துச் சொல்லி, பதிவேட்டிலும் எழுதியிருந்தேன். பதினேழு, பி பாசிட்டிவ். இப்போது கையிலிருக்கும் ரத்தத்தில் வகை பார்த்தேன். ஓ பாசிட்டிவ். மாத்திரை தின்றால் ரத்தம் ஏறும், வகை மாறுமா?

பதினேழாம் எண்ணை வரச் சொல்லி ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். மத்தியானமே இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பதினேழாம் எண் வெளிறிப்போய் நின்றாள். கூட வந்தவள் அவளுடைய அறைத்தோழி, தென்காசிப் பக்கம்.

"போன வாரம் பதினேழுன்னு சொல்லி ரத்தம் குடுத்தது யாரு?"

"நாந்தாங்க்கா" என்றாள் தோழி, கொஞ்சமும் பயமில்லாமல். "இவளுக்கு அன்னைக்கு ஓ.டி. வேலை போட்டுட்டாவ. கம்பெனி லைன்ல ஒருத்தி பாத்ரூம் போனா பக்கத்துல உள்ளவ அவ எடத்துல நிக்கணும்லா? நம்பர் விட்டுப்போயிரக் கூடாதேன்னு நான் வந்து குடுத்தேன்."

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீற!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஊசி குத்தியது நான்தானே. ஒரே மாதிரி சீருடை, ஒரே மாதிரி தூக்கக் கண்கள். எண்ணைக் கேட்டேன், நரம்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நல்லது செய்வதாக நினைத்துத் தன் ரத்தத்தையே கொடுத்திருக்கிறாள். அவளை எந்த வாயால் திட்டுவது?

பதினேழாம் எண்ணின் கையைப் பிடித்து மறுபடி எடுத்தேன். பி பாசிட்டிவ். எட்டு புள்ளி ஆறு.

மறுநாள் டாக்டரே நேரில் வந்தார். பதிவேடு, ரத்த வகை பார்த்த இரண்டு கண்ணாடித் துண்டுகள், மெஷின் அச்சடித்த தாள்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். முகம் பார்க்காமல் எடுத்தது என் தப்பு என்பதையும் நானே சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "சென்னையில யாருக்கும் இது தோணியிருக்காதும்மா" என்றார்.

"லேப் பிழைன்னு எழுதினீங்களே சார், அது?"

அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, தப்பை அழிக்காமல் எங்கள் லேப் முறைப்படியே ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். கோடு முழுசாக விழுந்திருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. ஆய்வு முடியும் வரை ஒரு சொட்டு ரத்தம்கூட சென்னைக்குப் போகவில்லை. கம்பெனி அட்டையிலுள்ள படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஊசி என்ற விதியை நான் எழுதினேன், டாக்டர் அதை ஆய்வு நடந்த எல்லா ஊருக்கும் அனுப்பினார்.

கடைசி மாதம் பதினேழாம் எண் வந்தாள். பதினொன்று புள்ளி நான்கு. சந்தேகத்துக்காக இல்லை, சந்தோஷத்துக்காக இன்னொரு முறை ஓட்டினேன். அதேதான். தாளை அவளிடம் காட்டினேன். விரலை வைத்து எண்ணை ஒருமுறை படித்தாள், மறுமுறை படித்தாள்.

"இது நெசமாவே என் ரத்தமாக்கா?"

"உன்னுதுதான்டி" என்றேன். "எங்க லேப்ல பாத்தது."